"வாரினால் அடிப்பித்தான்": மெல் கிப்சனின் இயேசு படத்துக்கு அழுதவர்களும் அஞ்சியவர்களும்

யோவான் சுவிசேஷத்தின் பத்தொன்பதாம் அதிகாரம் இப்படித் தொடங்குகிறது: "அப்பொழுது பிலாத்து இயேசுவைப் பிடித்து வாரினால் அடிப்பித்தான்." அவ்வளவுதான். எத்தனை அடி, எவ்வளவு நேரம், அடித்தவன் யார், பார்த்துக்கொண்டு நின்றவர்கள் யார் என்று ஒரு விவரமும் இல்லை. மத்தேயுவும் மாற்கும் இன்னும் சிக்கனக்காரர்கள். சிலுவையில் அறைய ஒப்புக்கொடுத்த செய்தியோடு அடித்த செய்தியையும் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். லூக்காவில், தண்டித்து விடுதலை செய்கிறேன் என்று ரோம ஆளுநரான பிலாத்து சொல்வதோடு சரி, அடித்ததாகவே எழுதப்படவில்லை.

ஹாலிவுட் நடிகரும் இயக்குநருமான மெல் கிப்சன் இந்த ஒற்றை வரியைத் திரையில் பத்து நிமிடத்துக்குக் கிட்டே ஓட்டினார். முதலில் பிரம்பு. அப்புறம் நுனியில் உலோகக் கொக்கிகள் கட்டிய சாட்டை. ரோமச் சிப்பாய்கள் லத்தீனில் எண்ணிக்கொண்டே அடிக்கிறார்கள். முதுகு முடிந்ததும் ஆளைப் புரட்டிப் போட்டு மறுபடி ஆரம்பிக்கிறார்கள். 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' என்ற அந்தப் படம் 2004 பிப்ரவரி 25, திருநீற்றுப் புதனன்று அமெரிக்காவில் வெளியானது. அதற்குக் கிடைத்த எதிர்வினைகளை இன்று புரட்டிப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. படத்தைக் கொண்டாடியவர்களும் கண்டித்தவர்களும் ஒரே கேள்விக்கு எதிரெதிர் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்வியே வேறு வேறு. பக்தர்கள், 'இவர் யாருக்காக அடிபடுகிறார்?' என்று கேட்டார்கள். யூதர்களும் அவர்களோடு நின்ற கிறிஸ்தவ அறிஞர்களும், 'இவரை அடிக்க வைத்தது யார் என்று இந்தப் படம் சொல்கிறது?' என்று கேட்டார்கள். முதல் கேள்வியோடு அரங்குக்குள் போனவர் அழுதுகொண்டு வந்தார். இரண்டாம் கேள்வியோடு போனவர் வயிற்றில் புளியைக் கரைத்தபடி வந்தார்.

முதலில் கணக்கு. சுமார் 3 கோடி டாலர் செலவில் கிப்சன் தன் சொந்தக் காசைப் போட்டு எடுத்த படம். அவருடைய நிறுவனத்தோடு ஒப்பந்தம் வைத்திருந்த ஃபாக்ஸ் இதை விநியோகிக்க முன்வரவில்லை. நியூமார்க்கெட் என்ற சிறிய நிறுவனம் எடுத்துக்கொண்டது. வசனம் முழுக்க அராமிக், லத்தீன், எபிரேயம். திரையின் அடியில் மொழிபெயர்ப்பு எழுத்து ஓடும் படம் என்றாலே ஒதுங்கிப் போகிற அமெரிக்கக் கூட்டம், முதல் ஐந்து நாளிலேயே சுமார் 12.5 கோடி டாலரைக் கொட்டியது. கடைசியில் வட அமெரிக்காவில் மட்டும் 37 கோடி, உலகம் முழுக்க 61 கோடி டாலர். பெரியவர் துணையில்லாமல் பதினேழு வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்க முடியாத 'ஆர்' சான்றிதழ் படங்களில் வட அமெரிக்க வசூல் சாதனை இருபது ஆண்டுகள் இந்தப் படத்தின் கையில் இருந்தது. 2024-இல்தான் ஒரு காமிக்ஸ் நாயகப் படம் அதை முறியடித்தது.

இந்த வசூலின் அதிசயம் புரிய, பதினாறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1988-இல் மார்ட்டின் ஸ்கார்செஸி எடுத்த 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்' வந்தபோது இதே அமெரிக்கச் சபைகள் கொதித்தெழுந்தன. சிலுவையில் தொங்கும் இயேசுவுக்கு, குடும்பம் குட்டியோடு வாழ்ந்திருக்கலாமே என்ற கனவு வருகிறது அதில். தயாரிப்பு நிறுவனத்தின் வாசலில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். செலவான பணத்தைத் தந்துவிடுகிறோம், படச்சுருளை எங்களிடம் கொடுங்கள், அழித்துவிடுகிறோம் என்று ஒரு சுவிசேஷத் தலைவர் முன்வந்தார். பாரிஸில் அந்தப் படம் ஓடிய ஒரு திரையரங்குக்குத் தீ வைக்கப்பட்டுப் பலர் காயமடைந்தார்கள். ஆக, 1988-இல் பதாகை பிடித்துத் திரையரங்க வாசலில் நின்றவர்கள், 2004-இல் அரங்கையே மொத்தமாக வாடகைக்கு எடுத்து உள்ளே உட்கார்ந்தார்கள். மாறியது சபைகளின் சகிப்புத்தன்மை என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் படம் அவர்கள் தினமும் சொல்லும் கதையைக் கலைத்தது. இரண்டாவது, அதே கதையை உரத்த குரலில் சொன்னது.

அந்தக் குரலை உரக்க வைத்ததில் விளம்பரத்துக்கும் பங்குண்டு. வழக்கமான விமர்சகர் காட்சிகளை வைப்பதற்கு முன்பே, 2003-இன் நடுவிலிருந்து, கிப்சன் போதகர்களையும் சபைத் தலைவர்களையும் தேடிப் போய் முழுமையடையாத படத்தைப் போட்டுக் காட்டினார். புகழ்பெற்ற அமெரிக்கப் போதகர் பில்லி கிரஹாம் பார்த்து அழுதார் என்ற செய்தி பரவியது. ஞாயிறு பிரசங்கத்தில் படத்தைப் பற்றிப் பேசினார்கள், பேருந்து வைத்து ஆட்களை அழைத்துப் போனார்கள். ஆணி வடிவில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பதக்கம் விற்றது. டேட்டோனா கார் பந்தயத்தில் ஒரு காரின் முகப்பில்கூடப் படத்தின் விளம்பரம் ஓடியது. (முள்முடி சூடியவரின் விளம்பரம் மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் வட்டமடித்ததை நினைத்தால் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.)

அதே 2003-இல் எதிர்த்தரப்பும் கிளம்பிவிட்டது. படத்தின் திரைக்கதை எப்படியோ கத்தோலிக்க, யூத அறிஞர்கள் குழு ஒன்றின் கைக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் அலுவலர் ஒருவரும், யூதர் மீதான அவதூறை எதிர்க்கும் அமைப்பைச் சேர்ந்த ஒருவரும் கூட்டிய குழு அது. புதிய ஏற்பாட்டு ஆய்வில் பெயர் பெற்ற பவுலா ஃபிரெட்ரிக்சன், ஏமி ஜில் லெவின் போன்றோர் அதில் இருந்தார்கள். படித்துப் பார்த்து, யூதர்களைக் கூட்டமாகக் குற்றவாளியாக்கும் கதை இது, பல இடங்களைத் திருத்த வேண்டும் என்று அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். கிப்சன் தரப்பு, திருட்டுத்தனமாகக் கிடைத்த பிரதி அது என்று வழக்குப் போடுவதாக மிரட்டியது. ஆயர் பேரவை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒதுங்கியது. படம் வெளியாக ஒன்பது மாதம் இருக்கும்போதே சண்டை நாளிதழ்களுக்கு வந்துவிட்டது. பார்க்காத படத்துக்காக அடித்துக்கொள்வது நமக்கும் புதிதில்லை. ஆனால் இங்கே அந்தச் சண்டையே விளம்பரமாக வேலை செய்தது. 'உங்கள் விசுவாசத்தின் மேல் அறிவாளிகள் பாய்கிறார்கள்' என்று ஒரு பக்திமானின் காதில் விழுந்த பிறகு, நுழைவுச்சீட்டு வாங்குவது ஒரு சாட்சி சொல்வதுபோல ஆகிவிடுகிறது.

அறிஞர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது, அது ஆயிரத்து எண்ணூறு வருடப் பழசு. யூதர்கள் கடவுளையே கொன்றார்கள் என்ற குற்றச்சாட்டு கிறிஸ்தவப் பிரசங்கத்தில் இரண்டாம் நூற்றாண்டிலேயே, சர்தை நகரத்து மெலித்தோவின் பாஸ்கா உரையில் வந்துவிட்டது. நடுக்கால ஐரோப்பாவில் புனித வாரம் யூதர்களுக்குக் கதவடைத்து உட்காரும் வாரம். பெரிய வெள்ளியை ஒட்டிய நாட்களில் அவர்கள் வெளியே தலைகாட்டக் கூடாது என்று 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் சட்டமே போட்டது. பாடுகளின், அதாவது இயேசு பட்ட துன்பங்களின், பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணீரோடு வெளியே வரும் கூட்டம் யூதர் தெருவைப் பார்த்துத் திரும்பிய சம்பவங்கள் வரலாற்றில் உண்டு. நடுக்காலத்தோடு அது போய்விடவும் இல்லை. 1903-இல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் யூதர்களைக் கொன்று குவித்த கலவரம் ஈஸ்டர் ஞாயிறன்றுதான் வெடித்தது. ஜெர்மனியின் ஓபரம்மர்காவ் கிராமம் கொள்ளைநோயிலிருந்து தப்பியதற்கு நேர்த்திக்கடனாக 1634-இலிருந்து நடத்திவரும் பாடுகளின் நாடகத்தை, அதன் முந்நூறாம் ஆண்டான 1934-இல் ஹிட்லர் போய்ப் பார்த்தார். பின்னாளில் அதைப் புகழ்ந்தும் பேசினார்.

நாஜிகளின் யூத இனப்படுகொலைக்குப் பிறகு திருச்சபைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உறைத்தது. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களை 'விசுவாசமற்ற' என்று குறித்த லத்தீன் சொல்லை 1959-இல் 23ஆம் யோவான் பாப்பரசர் எடுத்துவிட்டார். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. இயேசுவின் பாடுகளில் நடந்ததற்கு அன்று வாழ்ந்த எல்லா யூதர்களையும் வேறுபாடின்றிப் பொறுப்பாக்க முடியாது, இன்றைய யூதர்களையும் பொறுப்பாக்க முடியாது என்றது அது. பாடுகளை நாடகமாக்கும்போது எதைத் தவிர்க்க வேண்டும் என்று 1988-இல் அமெரிக்க ஆயர்கள் வழிகாட்டு நெறிகளே எழுதினார்கள். கிப்சனோ அந்தச் சங்கத்தின் சீர்திருத்தங்களை ஏற்காத, பழைய லத்தீன் பூசையை விடாத மரபுவாதக் கத்தோலிக்கர். மலிபு பக்கத்தில் தனக்கென்று ஒரு கோயிலும் கட்டிக்கொண்டவர். அவருடைய தந்தை ஹட்டன் கிப்சன் யூத இனப்படுகொலையையே பெரும்பாலும் கட்டுக்கதை என்று வானொலியில் பேசினார், அதுவும் படம் வெளியாகச் சில நாட்கள் இருக்கும்போது. படுகொலை நடந்தது உண்மை என்று மகன் தொலைக்காட்சியில் சொன்னார். தகப்பனைப் பற்றி மட்டும் வாய் திறக்க மறுத்தார். அப்பா பேசியதற்கு மகனைப் பிடிக்கலாமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் கிஷினேவில் பாட்டனைப் பறிகொடுத்த ஒரு குடும்பத்திடம் அந்த நியாயத்தை அவ்வளவு சுலபமாகப் பேச முடியாது.

சரி, படத்துக்கு வருவோம். சுவிசேஷத்தில் இருப்பதைத்தான் எடுத்தேன் என்று கிப்சன் சொன்னார். முழு உண்மை இல்லை அது. கைது செய்யப்பட்ட இயேசு சங்கிலியோடு பாலத்திலிருந்து கீழே தள்ளப்படுகிறார்; எந்தச் சுவிசேஷத்திலும் இது கிடையாது. சாட்டையடி முடிந்ததும் பிலாத்துவின் மனைவி கொடுத்த வெள்ளைத் துணியால் மரியாள் தரையில் சிந்திய ரத்தத்தை ஒற்றி எடுக்கிறாள்; அதுவும் கிடையாது. இவை வந்தது அன்னா கத்தரீனா எம்மெரிக் என்ற ஜெர்மன் துறவியின் காட்சிகளிலிருந்து. 1774-இல் பிறந்து 1824-இல் இறந்தவர்; உடலில் ஐந்து காயத் தழும்புகளோடு படுத்த படுக்கையாகக் கிடந்தவர். அவர் சொன்னதாகக் கவிஞர் கிளமென்ஸ் பிரென்டானோ எழுதி வைத்துக்கொண்டு 1833-இல் நூலாக்கினார். அதில் துறவியின் வாக்கு எது, கவிஞரின் கைச்சரக்கு எது என்று பிரிக்கவே முடியவில்லை. படம் வந்த அதே 2004-இன் அக்டோபரில் எம்மெரிக்குக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தபோது, இந்தக் காரணத்துக்காகவே வத்திக்கான் அந்த எழுத்துகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த எழுத்துகளில் யூதர்கள் மேல் விழும் வெளிச்சம் கொடூரமானது. அறிஞர்களின் முக்கியமான புகார்களில் இதுவும் ஒன்று.

ஆனால் ஒரு கத்தோலிக்கருக்கு, அதிலும் ஒரு தமிழ்க் கத்தோலிக்கருக்கு, இந்தச் சேர்க்கைகள் அந்நியமாகத் தோன்றியிருக்காது. தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதை செய்தவர்களுக்கு இயேசு மூன்று முறை விழுவது தெரியும், வெரோனிக்கா முகம் துடைப்பது தெரியும். இவை எதுவும் நான்கு சுவிசேஷங்களில் இல்லை என்பது பலருக்கு நினைவிலேயே இருக்காது. கோவாவில் பிறந்து இலங்கையில் ஊழியம் செய்த யாக்கோமே கொன்சால்வெஸ் குருவானவர் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய வியாகுலப் பிரசங்கம் இன்னும் தவக்காலத்தில் ராகம் போட்டு வாசிக்கப்படுகிறது. ஒவ்வொரு காயத்தையும் எண்ணி எண்ணி அழ வைக்கிற எழுத்து அது. யாழ்ப்பாணம், மன்னார் பக்கமும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் பாஸ்கு நாடகம் போடுகிறவர்களுக்கும் சாட்டையடிக் காட்சி எத்தனை முக்கியம் என்று தெரியும். வாரினால் அடிக்கப்பட்டதைத் தியானிப்பதற்கென்றே செபமாலையில் பத்து மணிகள் ஒதுக்கியிருக்கிறது. ஒற்றை வரியைப் பத்து நிமிடமாக இழுத்தது கிப்சனின் குரூர புத்தி என்று எழுதிய விமர்சகர்களுக்கு, அந்த வரியை ஐந்நூறு ஆண்டுகளாக மக்கள் இழுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்பது தெரிந்ததாகத் தெரியவில்லை.

தமிழ்ப் பார்வையாளருக்கு இரண்டாவது கேள்வி தோன்றாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. நம் ஊரில் யூதர் என்பவர் வேதாகமத்தில் வருகிற ஆள். இயேசுவை விசாரித்த தலைமைக் குரு காய்பா ஒரு நாடகப் பாத்திரம், அடுத்த தெருவில் கடை வைத்திருப்பவர் இல்லை. கெட்டவனை மேடையில் எவ்வளவு கெட்டவனாகக் காட்டினாலும் நாடகம் முடிந்து வெளியே வந்து அடிக்க ஆள் கிடையாது. ஐரோப்பாவில் இருந்தார்கள். வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அந்த வேறுபாட்டில்தான் எல்லாமே இருக்கிறது.

கத்தோலிக்கர் ஏற்றுக்கொண்டதைப் புரிந்துகொள்ளலாம். அமெரிக்கச் சுவிசேஷ சபையினர் கொண்டாடியதுதான் வேடிக்கை. மரியாளை வணங்குவதையும் செபமாலையையும் ஏற்காதவர்கள் அவர்கள். சிலுவையில்கூட உடல் இல்லாத வெறுஞ்சிலுவையை வைப்பவர்கள். படமோ மரியாளின் கண் வழியாகவே பாதிக் கதையைச் சொல்கிறது. கடைசி ராப்போசனத்தையும் கல்வாரியையும் மாற்றி மாற்றிக் காட்டிப் பூசையே பலி என்ற கத்தோலிக்கப் போதனையை நேரடியாகப் படமாக்குகிறது. இதையெல்லாம் அவர்கள் தாண்டி வந்ததற்குப் படத்தின் முதல் எழுத்துகளே விடை சொல்கின்றன. ஏசாயாவின் ஐம்பத்துமூன்றாம் அதிகாரம்: "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்." என் பாவத்துக்கான தண்டனை அவர்மேல் விழுந்தது என்பதுதான் அந்தச் சபைகளின் விசுவாசத்துக்கு அடித்தளம். அப்படி நம்புகிறவருக்குத் திரையில் விழும் ஒவ்வொரு அடியும் தன் கணக்கில் கழிகிற கடன். ரத்தம் கூடக்கூட அன்பின் அளவு கூடுகிறது. படம் பார்த்த பின் டெக்சாஸில் ஒருவர், தற்கொலை என்று மூடப்பட்டிருந்த ஒரு மரணம் தான் செய்த கொலை என்று காவல்துறையிடம் போய் ஒப்புக்கொண்டார். கான்சாஸில் ஒரு பெண் சிலுவைக் காட்சியின்போது மாரடைப்பு வந்து இறந்துபோனார். இரண்டு செய்திகளையும் நாளிதழ்கள் ஒரே தட்டில் வைத்துப் பரிமாறின.

விமர்சகர்கள் பிளவுபட்டதும் இதே கோட்டில்தான். ரோஜர் ஈபர்ட் தான் பார்த்ததிலேயே மிக வன்முறையான படம் இது என்று எழுதிவிட்டு, முழு நான்கு நட்சத்திரமும் கொடுத்தார். முரண்பாடுபோலத் தெரிகிறது, ஆனால் அவர் சிறுவயதில் பீடச்சிறுவராக இருந்து சிலுவைப்பாதை செய்தவர் என்பதை அந்த விமர்சனத்திலேயே சொல்கிறார். நியூ யார்க்கர் இதழின் டேவிட் டென்பி அந்தச் சிலுவைப்பாதையோடு வரவில்லை. அவர் கண்ணுக்கு அது குமட்டலெடுக்கும் மரண யாத்திரை. மலைப்பிரசங்கம் எங்கே, நோயாளிகளைக் குணமாக்கியவர் எங்கே, ஒரு மனிதரின் வாழ்க்கையை அவர் உடம்பாகச் சுருக்கிவிட்டார்களே என்ற புகாரைப் பலரும் சொன்னார்கள். என்னைக் கேட்டால் இந்தப் புகார்தான் கனமானது. போதனைகள் சின்னச் சின்ன நினைவுக் காட்சிகளாக வந்து போகின்றன. ஏன் இந்த ஆளைக் கொல்ல வேண்டும் என்று ரோம் நினைத்தது என்பதே படத்தில் விளங்குவதில்லை. அது விளங்காதபோது கொலைக்கான காரணமாகப் பார்வையாளருக்கு மிஞ்சுவது யூதத் தலைவர்களின் பொறாமை மட்டுமே.

பிலாத்து விஷயத்தில் படம் செய்தது இதை இன்னும் மோசமாக்கியது. திரையில் அவன் தூக்கம் கெட்ட, மனச்சாட்சி உறுத்துகிற, நல்ல மனைவி வாய்த்த அதிகாரி. அக்காலத்து யூத எழுத்தாளர் பைலோ எழுதிய பிலாத்துவோ லஞ்சமும் கொடுமையும் விசாரணையில்லாக் கொலைகளுமாக ஆட்சி செய்தவன். சமாரியர்களைக் கொன்று குவித்த விவகாரத்தில் ரோமுக்குத் திருப்பி அழைக்கப்பட்டவன் என்கிறார் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். சிலுவை ரோமத் தண்டனை. தலைமைக் குருவை நியமிப்பதும் நீக்குவதும் ரோமின் கையில். சுவிசேஷங்களே பிலாத்துவைக் கொஞ்சம் மென்மையாக்கித்தான் எழுதியிருக்கின்றன என்பது உண்மை. கிப்சன் அதற்கு மேலும் மெருகேற்றினார். யூதக் கூட்டத்துக்கு நடுவே சாத்தானை நடமாட விட்டார். யூதாசைத் துரத்தும் யூதக் குழந்தைகளின் முகம் பேய் முகமாக மாறுகிறது. சுவிசேஷத்தில் ஆலயத்தின் திரைச்சீலை கிழிகிறது. படத்தில் ஆலயமே பிளக்கிறது.

எல்லாச் சர்ச்சையும் ஒரு வரியில் வந்து குவிந்தது. மத்தேயு 27:25. பிலாத்து கை கழுவியதும் கூட்டம் கத்துகிறது. கிரேக்க மூலத்தில் 'அவன் ரத்தம் எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும்' என்று மட்டும்தான் இருக்கிறது. நம் தமிழ் வேதாகமம் அதை "இரத்தப்பழி" என்றே எழுதியிருக்கிறது. மூலத்தில் இல்லாத 'பழி', நம் மொழியில் தானாகவே ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த ஒரு வாசகத்தைத்தான் நூற்றாண்டுகளாக யூதர்களுக்கு எதிராகச் சான்று காட்டினார்கள். எதிர்ப்பு முற்றியதும் கிப்சன் அதை நீக்கிவிட்டார் என்று செய்தி வந்தது. நீக்கியது எதை? திரையின் அடியில் ஓடும் எழுத்தை மட்டும். அராமிக்கில் அந்த வசனம் படத்தில் அப்படியே ஒலிக்கிறது. கேட்கலாம், ஆனால் புரியாது. சமரசம் என்று இதை அவர் தரப்பு சொன்னது. தெரிந்தவருக்குத் தெரியட்டும் என்ற கண்சிமிட்டல் என்று எதிர்த்தரப்பு படித்தது. அவர் மனதில் என்ன இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வெட்டவும் மனமில்லாமல் வைக்கவும் துணிவில்லாமல் ஒருவர் செய்கிற காரியம் இது என்பது மட்டும் தெரிகிறது.

இதற்கு நேர் எதிராக நிற்பது இன்னொரு காட்சி. இயேசுவின் உள்ளங்கையில் முதல் ஆணியைப் பிடித்திருக்கும் கை கிப்சனுடையது. அவரைக் கொன்றது என் பாவம் என்று சொல்வதற்காகவே தன் கையைப் படத்துக்குள் வைத்தார். ஆதரவாளர்கள் இந்தக் கையைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்: பாருங்கள், குற்றத்தைத் தன்மேலேயே போட்டுக்கொள்கிறார்! நேர்மையான செயல்தான். பிரச்சினை என்னவென்றால், கைக்கு முகம் கிடையாது. யாரும் சொல்லாமல் அது யார் கை என்று பார்வையாளருக்குத் தெரியாது. காய்பாவுக்கு முகம் இருக்கிறது, அங்கி இருக்கிறது, கூட்டம் இருக்கிறது.

யூதர் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்றும் நினைக்க வேண்டாம். யூதர் மீதான அவதூறை எதிர்க்கும் அமைப்பின் அன்றைய தலைவர் ஆப்ரகாம் ஃபாக்ஸ்மன் அபாயம் என்றார். ரபி டேனியல் லேப்பின், விமர்சகர் மைக்கேல் மெட்வெட் போன்றவர்கள், அமெரிக்கக் கிறிஸ்தவர்கள் நமக்கு நண்பர்கள், அவர்களுடைய பக்தியைக் கண்டு அலறுவதுதான் நமக்குக் கேடு என்றார்கள். மரியாளாக நடித்த மாயா மோர்கென்ஸ்டெர்ன் ருமேனியாவைச் சேர்ந்த யூதப் பெண்; படம் யூதர்களுக்கு எதிரானதல்ல என்றே அவர் சொன்னார். வத்திக்கானிலிருந்து வந்த குழப்பம் தனி. படத்தைப் பார்த்துவிட்டு இரண்டாம் ஜான் பால், 'நடந்தபடியே இருக்கிறது' என்று சொன்னதாக 2003 டிசம்பரில் செய்தி வந்தது. அடுத்த மாதமே அவருடைய செயலாளர், பாப்பரசர் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை என்று மறுத்தார். சொன்னாரா இல்லையா என்பது இன்னும் வம்புப் பேச்சாகவே கிடக்கிறது.

மேற்காசியாவுக்குப் போனபோது படம் மூன்றாவதாக ஒரு கேள்வியில் மாட்டியது. குர்ஆன்படி ஈசா நபி கொல்லப்படவும் இல்லை, சிலுவையில் அறையப்படவும் இல்லை. நபிகளை உருவமாக்கிக் காட்டுவதும் தவறு. அந்தக் கணக்கில் பார்த்தால் முதலில் தடைசெய்ய வேண்டிய படம் இது. குவைத்தும் பஹ்ரைனும் அப்படியே செய்தன. மலேசியாவில் கிறிஸ்தவர்களுக்கு மட்டும், சபைகள் வழியாக அனுமதி கிடைத்தது. ஆனால் எகிப்திலும் சிரியாவிலும் ஜோர்டானிலும் லெபனானிலும் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். யாசர் அராஃபத் ரமல்லாவில் பார்த்தார். அவருடைய உதவியாளர் அந்த வேதனையைப் பாலஸ்தீனர் படும் வேதனையோடு ஒப்பிட்டார். குவைத்தின் ஷியா மதத்தலைவர் ஒருவர், யூதர்களின் குற்றத்தை வெளிக்காட்டும் படம் என்பதால் விலக்கு அளித்துத் திரையிட வேண்டும் என்று கேட்டார். அமெரிக்க அறிஞர்கள் கத்திக் கத்திச் சொன்ன அதே வாசிப்புதான். அங்கே அது எச்சரிக்கை, இங்கே பாராட்டு. இஸ்ரேலில் படம் வணிக ரீதியாகத் திரையரங்குக்கு வரவே இல்லை.

பயந்தபடி நடந்ததா? அமெரிக்காவில் கலவரம் எதுவும் நடக்கவில்லை. டென்வரில் ஒரு தேவாலயம் வெளியீட்டு நாளன்று, யூதர்கள் ஆண்டவர் இயேசுவைக் கொன்றார்கள் என்று வாசல் பலகையில் எழுதி வைத்தது. மற்ற கிறிஸ்தவர்களே வெட்கப்பட்டார்கள். கருத்துக் கணிப்புகள் இரண்டு திசையில் இழுத்தன. யூத ஆய்வு நிறுவனம் ஒன்று கேட்டபோது, படத்தால் யூதர்களைக் குற்றம் சொல்லத் தோன்றியது என்றவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. குற்றம் சொல்வது குறைந்தது என்றவர்கள் 9 சதவீதம். பியூ ஆய்வு மையம் வேறு விதமாகக் கேட்டது: இயேசுவின் மரணத்துக்கு யூதர்கள் பொறுப்பா? ஆம் என்றவர்கள் 26 சதவீதம். 1997-இல் வேறொரு கணிப்பில் இது 19 சதவீதமாக இருந்தது. உனக்கு வெறுப்பு வந்ததா என்று கேட்டால் இல்லை என்கிறான், யார் செய்தது என்று கேட்டால் படம் சொன்ன பெயரைச் சொல்கிறான். இரண்டும் ஒரே ஆளாகவே இருக்க முடியும்.

2006 ஜூலையில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகக் கைதான கிப்சன், உலகத்துப் போர்களுக்கெல்லாம் யூதர்கள்தான் காரணம் என்று காவலரிடம் கத்தினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். இரண்டு ஆண்டு முன்பே சொன்னோமே என்றார்கள் எதிர்த்தவர்கள். ஆதரித்தவர்களில் பலர் மனிதரையும் படத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். இன்றும் தவக்காலம் வந்தால் பல வீடுகளில் இந்தப் படம் ஓடுகிறது.

ஆனால் எனக்கு இந்தக் கதையில் மறக்க முடியாதது, 2005 மார்ச்சில் நடந்த ஒரு சின்ன விஷயம். சாட்டையடி பொறுக்க முடியவில்லை, பிள்ளைகளையும் பாட்டிகளையும் கூட்டிப் போக முடியவில்லை என்று வந்த வேண்டுகோள்களைக் கேட்டு, கிப்சன் படத்தில் ஐந்து நிமிடம் போல வெட்டினார். குறைந்தது பெரும்பாலும் ரத்தம்தான். இதற்கும் 'ஆர்' சான்றிதழ்தான் தருவோம் என்றது குழு; சான்றிதழே இல்லாமல் ஈஸ்டரை ஒட்டி வெளியிட்டார். கேட்டவர்களுக்குக் கேட்டபடியே, மென்மையான பிரதி தயார். மொத்த வசூல் 6 லட்சம் டாலரைத் தொடவில்லை. சில வாரங்களில் எடுத்துவிட்டார்கள்.